தறியில் ஏறாத பேர்

ஊரில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு டீச்சர். அவள் வகுப்புக்குள் கால் வைத்தால் கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவள், கடல் கடந்து போய்க் குடியேறிய அண்ணன் ஒருநாள் போன் போட்டு, நீயும் பொண்ணும் ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன் என்று சொன்னதும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். அவர் அங்கே போய்ப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. அதுவரைக்கும் ஒரு தடவைகூட வா என்று சொன்னதில்லை.

"மாமா திடீர்னு ஏன் கூப்பிடறார்?" என்று மகள் கேட்டாள்.

"வயசாகுதுல்ல. கூடப் பிறந்த பாசம் விட்டுப் போகுமா?" என்றாள் டீச்சர். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

அழைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அண்ணன் அங்கே லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கம்பெனி வைத்திருந்தார். அவருடைய அப்பாவின் தாத்தா பாய்மரக் கப்பல்களுக்குப் பாய் தைத்தவர். கப்பல் பாய் தைத்தவரின் வாரிசு லாரிப் பாய் தைக்கிறான் என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்வார். சொல்லிச் சொல்லி அதிலேயே ஊறிப்போய், வம்சத்தையே ஒரு மரமாக நெய்து கம்பெனி வரவேற்பறையில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அவர் இருந்த ஊர் சுவரில் தொங்கவிடும் கம்பளி ஓவியங்களுக்குப் பேர்போனது. ஆனால் அவருக்கு முன்னோர் பேரெல்லாம் எங்கே தெரியும்? சின்ன வயசிலேயே ஊரை விட்டுக் கிளம்பியவர். அப்பாவைக் கடைசி வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் டீச்சர். மாதக்கணக்கில் போனில் அவர் கேட்கக் கேட்க, யாருக்கு யார் மகன், யாரை எந்த வீட்டில் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னவள் அவள்தான். அதற்குக் கைமாறுதான் இந்த அழைப்பு. சொல்லும்போது, கடைசியில் தன் பேருக்கு மேலே தன் மகள் பேரும் வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மகள் அவள் வயிற்றில் பிறந்தவள் இல்லை. குழந்தை இல்லாமல் ரொம்ப நாள் காத்திருந்துவிட்டு, டீச்சரும், இப்போது உயிரோடு இல்லாத வீட்டுக்காரரும் ஒரு குழந்தைகள் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த பிள்ளை. எதையும் மறைக்கவில்லை, விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கும் தெரியும். அந்தச் சேதியைக் கேட்டபோது அண்ணன் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு அண்ணன் வரவில்லை. கம்பெனி டிரைவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டு வாசலில் அண்ணி, வாங்க என்பதற்கு முன்னால் செருப்பை எங்கே விடவேண்டும் என்று காட்டினாள். துணி தேய்க்கிற அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். ஒழித்தது என்றால் இஸ்திரி மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தாள், அவ்வளவுதான். இரண்டு கட்டில். டீச்சர் கட்டிலில் நல்ல விரிப்பு. மற்றதில் மெத்தைமேல் பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. மகள் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அது சரசரவென்று சத்தம் போட்டது.

"உன் அண்ணிக்கு நான் படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிடுவேன்னு பயம் போல" என்று மகள் சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. உறையைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்குமேல் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், அது திரும்பவும் மெத்தையில் ஏறியிருந்தது.

எல்லாம் இப்படித்தான் நடந்தது. முகத்துக்கு நேரே ஒரு சொல் கிடையாது. சாப்பாட்டு மேசையில் மகளுக்கு மட்டும் வேறு ரகத்துத் தட்டு வரும். செட்டில் ஒன்று குறைகிறது என்று அண்ணி விளக்கமும் சொல்வாள். பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரி எட்டிப் பார்த்தபோது, இது என் நாத்தனார், இது அவங்ககூட வந்திருக்கிற பொண்ணு என்று அறிமுகம் நடந்தது. டீச்சர் சட்டென்று, என் மக என்று திருத்தினாள். அண்ணி ஆமாமா என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக் கண்ணை ஒரு தினுசாகக் காட்டினாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டாள். மகளும் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருந்தது அண்ணன் ஒருவர்தான். அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

வாரக் கடைசியில் அண்ணி அவர்களைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். அண்ணன் கம்பெனியிலிருந்து நேரே வருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்.

தெருவை ஒட்டிய நீளமான கட்டடம். உள்ளே போனதும் ஈரக் கம்பளி வாசனை அடித்தது. சுவர் முழுக்க நூல்கண்டுகள். ஒரே பச்சையில் அத்தனை சாயல் இருக்கும் என்று டீச்சருக்கு அதுவரை தெரியாது. தறி படுத்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இங்கே அது கதவு மாதிரி நின்றது. மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, நடுவே வெள்ளை நூல்கள் செங்குத்தாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. நெய்கிறவள் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் சரியாக வருகிறதா என்று பார்க்க எதிரே ஒரு கண்ணாடி. நெய்ய வேண்டிய படம் அளவு மாறாமல் காகிதத்தில் வரைந்து அவளுக்குப் பின்னால் தொங்கியது. கீழேயிருந்து மேலே நெய்துகொண்டு போவாளாம். நெய்து முடித்தது கீழ் உருளையில் சுருண்டுகொள்ளும். கொள்ளுத்தாத்தாவும் தாத்தாவும் ஏற்கெனவே சுருண்டு போயிருந்தார்கள். அப்பா பேர் உருளை ஓரத்தில் தெரிந்தது. நெசவுக்காரி அதற்கு மேலே கிளை நெய்துகொண்டிருந்தாள்.

மகளுக்கு இந்த மாதிரி வேலை என்றால் உயிர். கட்டட என்ஜினியர், எதைப் பார்த்தாலும் எப்படி நிற்கிறது என்று பார்க்கிறவள். தெரிந்த இரண்டு வார்த்தையையும் கையையும் வைத்தே நெசவுக்காரியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நெசவுக்காரி ஒரு சீப்பைக் கொடுத்து, நூலை அடித்து இறுக்கிப் பார் என்று சைகை காட்டினாள். மகள் இரண்டு அடி அடித்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விரலால் அதைப் பிரித்துத் தானே திரும்ப அடித்தாள். மகளும் சேர்ந்து சிரித்தாள். வந்த இடத்தில் அவள் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

டீச்சர் காகிதப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கிளையில் அவர் பேர், அண்ணி பேர், மகன் பேர், மருமகள் பேர், போன மாசம் பிறந்த பேரனின் பேர். இந்தப் பக்கம் அவள் கிளை. அவள் பேர் இருந்தது. வீட்டுக்காரர் பேர் இருந்தது. அதற்கு மேலே ஒரு இலை, வெறும் இலை. அந்த இடத்தில் காகிதத்தின் மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டித் திரும்ப வரைந்திருந்தார்கள். ஒட்டியது நன்றாகவே தெரிந்தது.

"அண்ணி, இதுல என்ன பேர் வரும்?"

"அதுவா? சும்மா இலை. அழகுக்கு."

"மத்த இலையிலெல்லாம் பேர் இருக்கே."

அண்ணி நெசவுக்காரியிடம் அந்த ஊர் மொழியில் ஏதோ கேட்டாள். நெசவுக்காரி காகிதத்தைக் காட்டி, அண்ணியைக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னாள். அண்ணி திரும்பி, "அழகுக்குத்தானாம்" என்றாள்.

அதற்குள் மகள் குனிந்து காகிதப் படத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேரடியில் சுருண்டு படுத்திருந்த ஒரு நாய்; அண்ணன் வீட்டு நாய்தான், காதில் அதே வெள்ளைப் புள்ளி. கழுத்துப் பட்டையில் அதன் பேரும் இருந்தது.

"நாய் வந்துடுச்சும்மா" என்றாள் மகள். குரலில் ஒன்றுமே இல்லை. "வா, போகலாம்."

வீடு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, எப்படி இருக்கு நம்ம மரம் என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள் டீச்சர். பிறகு, என் மக பேரை ஏன் எடுத்தே என்றாள். நின்றபடியே கேட்டாள்.

அண்ணன் முதலில் இடம் போதவில்லை என்றார். பிறகு படம் வரைந்தவன் தப்பு என்றார். இரண்டும் எடுபடாது என்று தெரிந்ததும், சமாதானம் சொல்கிற குரலை எடுத்தார். ஒருத்தரைச் சேர்த்தால் நாளைக்கு இன்னொருத்தர் கேட்பார்கள் என்றார். அந்தப் பெண்மேல் தனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது என்றார். மகள் அங்கேயே, கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"விடும்மா. எனக்கு வேண்டாம்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு" என்றாள் டீச்சர்.

"அவளுக்கே புரியுது, உனக்குப் புரியல" என்றார் அண்ணன். "இதோ பாரு, வளர்த்தே, படிக்க வச்சே, நல்ல விஷயம், நான் யார்கிட்ட வேணும்னாலும் பெருமையா சொல்வேன். ஆனா இது வம்சம். வம்சம்னா இரத்தம். கப்பல் பாய் தைச்சவர் இரத்தம் எங்கிட்ட ஓடுது, உங்கிட்ட ஓடுது. அவகிட்ட யார் இரத்தம் ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாரு பெத்ததோ" என்று சொல்லி, பாதியில் நிறுத்தினாள். நிறுத்தினதுதான் முழுசாகக் கேட்டது.

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருக்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு அப்போதே வெளியே போயிருக்கலாம். ஆனால் அவளுடைய கோபம் கத்துகிற கோபம் இல்லை. வகுப்பில் ஒருவன் திமிராகப் பதில் சொன்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு கரும்பலகைக்குக் கூப்பிடுவாளே, அந்தக் கோபம். அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இரத்தம்தான்னா உன் பேரையும் எடுக்கணும்ணா."

"என்ன உளர்றே?"

"கொள்ளுத்தாத்தாவுக்குப் பிள்ளையே பிறக்கல. நம்ம தாத்தா அவருக்குப் பிறந்தவர் இல்ல. கப்பல் துறையில கிடந்த பிள்ளை. கிழிஞ்சு போன பாயில சுத்தி, இவர் தைக்கிற கொட்டகை வாசல்ல யாரோ வச்சுட்டுப் போயிட்டாங்க. எடுத்து வளர்த்தாங்க. அப்பா சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னார்."

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் திகைத்தாள். அப்படி ஒரு பேச்சு அவள் பிறந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் கொட்டகை வந்தது, கிழிந்த பாய் வந்தது, ஏதோ கண்ணால் பார்த்த மாதிரி.

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இத்தனை நாள் போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீ ஆசையாகச் செய்கிறாய், எதற்குக் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன் என்றாள் டீச்சர். அப்பா ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீ எங்கண்ணா பக்கத்துல இருந்தே?"

அந்த ஒரு கேள்விதான் அவரைச் சாய்த்தது. பொய்க்குள் அது ஒன்று மட்டும் நிஜம். அதனால் மற்றதும் நிஜமாகிவிட்டது. அவர் முகம் வெளிறிப்போனது. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, உருளையில் சுருண்டு கிடக்கிற மரத்தைக் கணக்குப் போடுகிறவர் மாதிரி தரையைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே ஒரு இலைகூட மிஞ்சவில்லை.

அண்ணிதான் பேசினாள். அவள் டீச்சரைப் பார்த்துப் பேசவில்லை. புருஷனைப் பார்த்துப் பேசினாள். "அப்ப உங்க பரம்பரையே யாரு பெத்ததுன்னு தெரியாததா? இதையா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?" சொல்லும்போது அவள் முகம் கோணியது. அழுகின பழத்தைத் தெரியாமல் தொட்டவள் மாதிரி, சோபாவிலிருந்து ஒரு எட்டு விலகி நின்றாள். கட்டின புருஷனிடமிருந்து.

டீச்சருக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. வந்த நாளிலிருந்து வாங்கின அத்தனை குத்துக்கும் ஒரே அடியில் பதில் சொல்லியாகிவிட்டது. அண்ணி முகத்தை நன்றாக, ஆசை தீரப் பார்த்தாள். கதவோரம் திரும்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. பார்த்தபோது மகள் அங்கே இல்லை.

மறுநாள் கிளம்பிவிட்டார்கள். டிக்கெட்டை மாற்றியது, டாக்சி கூப்பிட்டது எல்லாம் மகள்தான். அண்ணன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணி வாசல்வரை வந்து, ஏதாவது மறந்துட்டீங்களா என்று கேட்டாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம் என்றாள் டீச்சர்.

விமான நிலையத்தில் காத்திருக்கும் இடத்தில், மகள் பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, அந்தப் பாயில சுத்தின பிள்ளை நிஜமா?"

டீச்சர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, "இல்லடி" என்றாள். பாதிச் சிரிப்பு முகத்தில் நின்றது. மகள் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். நீ பயங்கரமான ஆளும்மா என்பாள் என்று எதிர்பார்த்தாள்.

மகள் அப்படி எதுவும் செய்யவில்லை. "தோணுச்சு" என்றாள். "அவங்களைக் கேவலப்படுத்தணும். அதுக்கு என்ன சொல்லலாம்னு தேடியிருக்கே. உலகத்துலயே பெரிய கேவலமா உனக்குக் கிடைச்சது, எடுத்து வளர்த்த பிள்ளைங்கறதுதான்."

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துலயா சொன்னேன்? உனக்காகத்தானே..."

"எனக்காகச் சொல்லியிருந்தா, அந்த வம்சத்தை மடியில வச்சுக் கட்டிக்கிட்டு அழுன்னு சொல்லிட்டு என்னைக் கூட்டிட்டு வந்திருப்பே. நான் விடு, வேண்டாம்னுதான் சொன்னேன். அத்தை மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா? என்னைப் பார்க்கிறப்பல்லாம் அவங்களுக்கு அந்த மூஞ்சிதான். அதைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டே. நான் பார்த்துட்டுத்தான் வெளிய போனேன்."

டீச்சர் எத்தனையோ பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள்; பதில் தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது மறந்து போயிருந்தது. வருத்தப்படாதே என்று மகளின் கையைப் பிடிக்கப் போனாள். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை. விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு அந்நியர் மாதிரி வந்தார்கள்.

ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் டீச்சர் அண்ணனுக்குப் போன் போட்டாள். மகள் எதிரே உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டாள். நான் சொன்னது பொய், கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், தாத்தா கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறந்தவர்தான் என்றாள். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள். என் மகள் பேரை எடுத்ததற்கு நீ கேட்க வேண்டிய மன்னிப்பு தனியாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

அண்ணன், "பரிதாபப்பட்டு இப்பப் பொய் சொல்றே" என்றார்.

"அப்பா மேல சத்தியமாண்ணா."

"அன்னைக்கும் அப்பா சொன்னார்னுதானே சொன்னே? எதை நம்பறது?"

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். முடிவில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு வேண்டியது நடந்துவிட்டது, இனிமேல் இந்த வீட்டுக்குப் போன் போடாதே என்று வைத்துவிட்டார். அந்த விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பேச்சு கிடையாது. அண்ணி அவரை அடிக்கடி அதைச் சொல்லிக் குத்திக் காட்டுகிறாள் என்று தெரிந்தவர்கள் மூலமாகக் காதுக்கு வந்தது. அது டீச்சருக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் அண்ணன்மேல் இரக்கமும் முழுசாக வரவில்லை.

நெசவுக்காரி மகளுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். அன்றைக்குப் பேசினதில் இரண்டு பேரும் நம்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். தறியிலிருந்து அறுத்து, சுருட்டி, மூலையில் சாத்தி வைத்திருந்தாள். எடுத்துப் போக யாரும் வரவில்லை. தறி அடுத்த வேலைக்குப் போய்விட்டது. மகள் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினாள்.

அப்புறம் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வழியனுப்பப் போன இடத்தில் டீச்சர், இன்னும் கோபமா என்று கேட்டேவிட்டாள்.

"கோபம்னு இல்லம்மா" என்றாள் மகள். "அந்த நேரத்துல உன் வாய்ல அதுதான் வந்துச்சு. நீ வேணும்னு நினைச்சு வந்ததில்லன்னு தெரியும். அதனாலதான் கஷ்டமா இருக்கு. கொஞ்ச நாள் ஆகும். நீ தினமும் கேட்காதே."

டீச்சர் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள். எந்தக் கட்டடத்தில் எந்தத் தூண் கோணலாக நிற்கிறது, மேஸ்திரியோடு எதற்குச் சண்டை, வீட்டுக்காரம்மா தண்ணீரை எப்போது நிறுத்துகிறாள் என்றெல்லாம் சொல்வாள். டீச்சர் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்வாள். போனை வைக்கும்போது முன்பெல்லாம் மகள், சரிடி டீச்சர் என்று வம்புக்கு இழுப்பாள். இப்போது, சரிம்மா என்கிறாள். டீச்சரும் சரிம்மா என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வைக்கிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருக்கிறாள்.